கொக்கியில் தொங்கிய தெய்வம்

எங்கள் ஸ்கலாக்கித் துறைமுகத்தில் வந்திறங்கி, திராசிவுலோஸ் கூர்த்திஸ் வீடு எது என்று கேட்டால் யாரும் சட்டென்று சொல்லமாட்டார்கள். 'ஊமைப் பாத்திரம்' எங்கே என்று கேளுங்கள். படகுப் பட்டறையின் மஞ்சள் கிரேனை நோக்கித் தெருவே கை நீட்டும். அவன் ஊமை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளியூர்ப் பத்திரிகை ஒன்று அப்படித்தான் அச்சிட்டது. நாடகத்தில் மேடைக்கு வந்து, ஒரு வசனமும் பேசாமல் நின்றுவிட்டுப் போகிற வேஷத்துக்கு அந்தப் பெயர். அவனுக்கு அதை வைத்தவர் பொலிக்சேனி டீச்சர்.

பட்டப்பெயர் இல்லாத ஆள் எங்கள் பக்கத்தில் எந்த ஊரிலும் கிடையாது. மற்ற ஊர்களில் மொட்டை, கோணவாயன், ஆட்டுத்தாடி என்று போகும். எங்கள் ஊரில் மட்டும் எல்லாம் இலக்கணமும் நாடகமும்தான். நடுநிலைப் பள்ளியில் மொழிப்பாடம் எடுக்கும் பொலிக்சேனி ரல்லிதான் காரணம். கடைசி வகுப்புப் பிள்ளைகள் பரீட்சைக்கு இந்தச் சொற்களையெல்லாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். புத்தகத்தில் இருக்கும் உதாரணம் மண்டையில் நிற்காது என்று டீச்சர் தெருவிலிருந்து உதாரணம் எடுப்பார். பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், வீட்டிலிருந்து அது கடைத்தெருவுக்குப் போனது, அப்புறம் யாராலும் தடுக்க முடியவில்லை.

பெட்டிக்கடை ஃபனூரிஸிடம் ஒரு சிகரெட் பெட்டி கேட்டால், அவன் அதை எடுப்பதற்கு முன் காற்று, அரசாங்கம், தன் முழங்கால் வலி மூன்றையும் சொல்லி முடிப்பான். அவன் பெயர் 'முன்னுரை'. ரொட்டிக்கடைக்காரிக்கு விரல் நுனியில் சுட்டால் ஊரே தீப்பிடித்ததாகக் கதை வரும், அதனால் அவள் 'உயர்வு நவிற்சி'. பல் டாக்டர் மில்தியாதிஸுக்குப் பல்லைப் பல் என்று சொல்ல வராது. "உங்க கோட்டையில மூணாவது கல்லு ஆடுது" என்பார். அவர் 'உருவகம்'. பட்டப்பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

திராசிவுலோஸை நாங்கள் திராசோஸ் என்று சுருக்கித்தான் கூப்பிடுவோம், அவன் பேச்சு பெயர்ச்சொல்லோடு நின்றுவிடும். "கயிறு" என்பான். கயிறு வேண்டுமா, கயிறு அறுந்துவிட்டதா, கயிற்றைப் பார்த்து நாம் நகர வேண்டுமா என்பதை அவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். "எழுவாய வெச்சுட்ட, பயனிலை எங்கப்பா?" என்று டீச்சர் கேட்பார். அவன் சிரித்துவிட்டுக் கிரேன் கேபினில் ஏறிக்கொள்வான். ஆனால் வேலை என்றால் அவன்தான். மீன்பிடிப் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கித் தாங்குகட்டைகளின் மேல் உட்காரவைப்பான். உள்ளே யாரோ மறந்துவைத்த காப்பிக் கோப்பை கவிழ்ந்திருக்காது. அவன் தகப்பன் சலவைக்கல் குவாரியில் இதே வேலை பார்த்தவர். அம்மா படுக்கையில் கிடந்த வருஷங்களில் அவளைப் பார்த்துக்கொண்டான், கல்யாணம் தள்ளிப்போயிற்று. நான் சொல்லப்போகும் 1986 கோடையில் அவனுக்கு நாற்பத்தாறு வயது.

படகுத்துறையின் மறுமுனையில் ஐஸ் தொழிற்சாலை. அதை நடத்தியவள் கலிரோயி. கணவனை இழந்தவள், அகன்ற தோள்காரி. அவள் குரல் படகு இயந்திரத்தையும் மீறிக் கேட்கும்.

படகுக்காரர்களுக்கு ஐஸ் வேண்டும். கிரேன்காரனுக்கு எதற்கு? ஆனால் திராசோஸ் தினமும் காலையில் படகுக்காரர்களோடு வரிசையில் நிற்பான். "அரைக்கட்டி" என்பான். அவள் வெட்டித் தருவாள். சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்து, கிரேனின் காலடியில் ஒரு வாளியில் வைப்பான். மத்தியானத்துக்குள் அது தண்ணீராகிவிடும். பட்டறைப் பூனை குடிக்கும். வருஷக்கணக்காக இதுதான்.

இது எதற்கு என்று ஸ்கலாக்கியில் எல்லாருக்கும் தெரியும். டீச்சர் இதை வகுப்பிலேயே கேட்டிருக்கிறார்.

"பாக்கிறவங்களுக்கு ஒண்ணு தெரியும், மேடையில நிக்கிற பாத்திரத்துக்குத் தெரியாது. இதுதான் நாடக முரண். யாராவது உதாரணம் சொல்லுங்க."

"திராசோஸ் மாமாவோட ஐஸ், டீச்சர்!" என்று வகுப்பே ஒரே குரலில் கத்தியதாம்.

"யாருக்குத் தெரியாது?"

"கலிரோயி அத்தைக்கு!"

டீச்சர் அதற்கு முழு மதிப்பெண் போட்டார். அது தப்பு என்று பின்னால் தெரிந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் நாடகச் சங்கம் ஒவ்வொரு ஆகஸ்டிலும், மாதா திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை, பட்டறைக்கு முன்னாலுள்ள கல்தளத்தில் ஒரு துன்பியல் நாடகம் போடும். எழுதுபவர் பல் டாக்டர். இயக்குபவர் பொலிக்சேனி டீச்சர். பின்னால் நின்று பாடும் பாடற்குழுவுக்குத் தலைவன் ஃபனூரிஸ். நான் சங்கச் செயலாளர், பாடற்குழுவில் இடப்பக்கக் கடைசி ஆள். டாக்டரின் கதைகள் எல்லாம் ஒரே மாதிரி. முதல் அங்கத்தில் ஒரு சண்டை வரும், இரண்டாவதில் அது கொலைவெறியாகும், மூன்றாவதில் யார் யாரை ஏன் குத்தப்போகிறார்கள் என்று டாக்டருக்கே மறந்துவிடும். அந்த இடத்தில் ஒரு தெய்வம் வானத்திலிருந்து இறங்கி எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும். பழைய நாடகங்களில் அப்படி இறக்குவதற்கு ஒரு மரக்கிரேன் இருந்தது, 'இயந்திரத்திலிருந்து வந்த தெய்வம்' என்றே அதைச் சொல்வார்கள். எங்களிடம் இரும்புக் கிரேனே இருந்தது. தெய்வம் கலிரோயி. கீழே நின்று பேசினாலே தெருக்கோடிக்குக் கேட்கும் குரலை மேலே தூக்கிவிட்டால் எதிர்த்தீவுக்கும் கேட்கும் என்று அவளையே ஒவ்வொரு வருஷமும் தெய்வமாக்கினோம். அவளை இறக்குபவன் திராசோஸ். வருஷத்தில் ஒரு நாள் அவள் அவன் கையில் இருப்பாள், இடையில் நீளமாக ஒரு எஃகு வடம்.

1986-இல் இரண்டு செய்திகள் ஒரே வாரத்தில் வந்தன. முதலாவது, கலிரோயி போகிறாள். தெசலோனிக்கி நகரத்தில் அவள் தம்பிக்குப் பெரிய மீன்கடை. வந்து பார்த்துக்கொள் அக்கா என்று கூப்பிட்டுவிட்டான். திருநாள் முடிந்த மறுநாள் காலை பஸ். ஐஸ் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ள ஆள்கூடப் பேசியாகிவிட்டது.

இரண்டாவது செய்தியை ஒத்திகையில் டீச்சர் சொன்னார்.

"இந்த வருஷம் தெய்வம் கெடையாது."

டாக்டர் எழுந்தே விட்டார். "டீச்சர்! தெய்வம் என் நாடகத்தோட பாய்மரம்!"

"அப்ப கப்பல் எங்க டாக்டரே?" என்றான் ஃபனூரிஸ்.

"முன்னுரை, நீ சும்மா இரு. டாக்டர், முடிச்சு போட்டது நீங்க. அவிழ்க்கவேண்டியதும் நீங்க. கதைக்குள்ள இருந்தே அவிழணும். திருப்பம் வரணும், ஒருத்தர் ஒருத்தர யாருன்னு அடையாளம் கண்டுக்கணும், அதுல மனசு மாறணும். மேலருந்து சாமிய எறக்கி முடிக்கிறது பக்கத்துப் பையன் பேப்பரப் பாத்து எழுதற மாதிரி."

"பழங்காலத்துப் பெரியவங்களே எறக்கியிருக்காங்க."

"அவங்க எறக்குனாங்க. நீங்க கொட்டுறீங்க. போன வருஷம் சாமி, அதுக்கு முந்தின வருஷம் சாமி, அதுக்கு முந்தி ஒரே நாடகத்துல ரெண்டு சாமி!"

"அது இரட்டையர்!"

கலிரோயி தர்பூசணி தின்றுகொண்டே, "எனக்குப் பரவால்ல டீச்சர். பெட்டி கட்டற வேல கெடக்கு" என்றாள்.

அப்போது பின்னால் ஒரு குரல். "தெய்வம் வேணும்."

திரும்பிப் பார்த்தோம். திராசோஸ். அவன் ஒத்திகைக்கு வந்ததே இல்லை, ஒத்திகை நேரத்தில் கிரேனை விட்டு இறங்கியதே இல்லை. கையில் கிரீஸ் துணியோடு நின்றான். காது இரண்டும் சிவந்திருந்தன.

"என்ன சொன்ன?" என்றார் டீச்சர்.

"தெய்வம் வேணும், டீச்சர்."

ஃபனூரிஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். "மாதாவே! ஊமைப் பாத்திரத்துக்குப் பயனிலை வந்துடுச்சு!"

டீச்சர் அவனையும் பார்த்தார், தர்பூசணி விதையைத் துப்பிக்கொண்டிருந்த கலிரோயியையும் பார்த்தார். "சரி. இந்த ஒரு வருஷம். கடைசி" என்றார்.

நாடகத்தன்று கலிரோயியை இறக்கியதும் கேபினிலிருந்து ஓடிவந்து, நாற்காலியில் அவளைக் கட்டிய பட்டையை அவிழ்த்துவிடும் சாக்கில் பக்கத்தில் நின்று, போகாதே என்று சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அவன் திட்டம். இதைப் பின்னால் அவனே என்னிடம் சொன்னான். அதற்கு முன் சொல்ல அவனுக்கு எத்தனையோ காலைகள் இருந்தன, ஆனால் வரிசையில் பின்னால் படகுக்காரர்கள் நிற்பார்கள்.

நாடகத்துக்கு முந்தின நாள் தெய்வ நாற்காலியைச் சோதித்தான். அது கயிறு கட்டிய ஒரு பலகை, அலை மாதிரி நீலத்துணி சுற்றியது. வழக்கம்போல் ஐஸ்கட்டிகளை ஏற்றித் தூக்கி, ஆட்டி, இறக்கிப் பார்த்தான். கலிரோயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எத்தன கட்டி வெச்ச?"

"எட்டு."

"எட்டா? என்னைய என்னன்னு நெனச்ச நீ? சுறாவா?"

"பத்திரம்" என்றான் திராசோஸ்.

"பத்திரமாம்! எங்கூரு ஆம்பள எவனாவது ஒரு பொம்பளையப் பாத்து எட்டு ஐஸ்கட்டின்னு சொல்லியிருப்பானா?" என்று அவள் படகுத்துறைக்கே கேட்கும்படி சொன்னாள். ஆனால் பலகையில் கட்டியிருந்த ஒவ்வொரு முடிச்சையும் அவள் விரலால் தொட்டுப் பார்த்ததை நான் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கிறவள் தொடுகிற விதம் வேறு.

சனிக்கிழமை சாயங்காலம் ஊர் முழுக்க வீட்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. பொரித்த பொடிமீன் வாசனை. கடைசி வகுப்புப் பிள்ளைகள் முன்வரிசையில், கையில் பென்சிலோடு, டீச்சரின் உத்தரவு. வெயில் தாழ்ந்து எதிர்த்தீவின் தோளில் உட்காரும் நேரத்தில் தெய்வம் இறங்க வேண்டும், அப்போதுதான் அவள் மேல் தங்கம் பூசியது போலிருக்கும்.

கதை இதுதான். செத்துப்போன தகப்பனின் ஒரே கப்பலுக்கு இரண்டு அண்ணன்தம்பிகள் அடித்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய தங்கை கப்பலின் சுக்கான்காரனை விரும்புகிறாள். மூன்றாம் அங்கத்தில் அண்ணன் கத்தியைத் தம்பி கழுத்திலும், தம்பி கத்தியைச் சுக்கான்காரன் கழுத்திலும், தங்கை தன் கத்தியைத் தன் கழுத்திலும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அதற்கு மேல் எந்த மனிதனாலும் அந்தக் கதையை நகர்த்த முடியாது.

"உச்சக்கட்டம்" என்று முன்வரிசைக்குக் கிசுகிசுத்தார் டீச்சர். பென்சில்கள் ஓடின.

கிரேன் முனகியது. பட்டறைக் கூரைக்குப் பின்னாலிருந்து நீல அலையில் உட்கார்ந்து கலிரோயி மேலெழுந்தாள். ஊர் "ஆ" என்றது. கிரேனின் கை மெல்லத் திரும்பி அவளைத் தளத்துக்கு மேல் கொண்டுவந்தது. அவள் வலக்கையைத் தூக்கினாள். வடம் இறங்கத் தொடங்கியது.

இந்த இடத்தில் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெய்வம் வரும்போது இடி இடிக்க வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. இதுதான் கடைசித் தெய்வம் என்று டீச்சர் சொன்னதும் ஆசை வெறியாகிவிட்டது. தன் மருத்துவமனையில் பல் குடையும் கருவிக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரஸரை யாருக்கும் சொல்லாமல் உருட்டிக்கொண்டு வந்து, காற்றடித்தால் இடி மாதிரி அதிரும் ஒரு பெரிய தகரத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தார். அதை எங்கே செருகினார்? கைக்கு அருகில் இருந்த கிரேன் மின்பெட்டியில். தெய்வத்தை இறக்கும் மின்சாரத்திலேயே தெய்வத்தின் இடியையும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்க எங்கள் ஊர் டாக்டரால்தான் முடியும்.

கம்ப்ரஸர் ஒருமுறை கனைத்தது. தகரம் "டும்" என்றது. மின்கம்பத்தின் உச்சியில் ஒரு நீலப்பொறி. கிரேன் நின்றது.

மின்சாரம் போனால் கிரேனின் பிரேக் தானாகவே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கலிரோயி விழுவாள் என்ற பயம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் இறங்கவும் மாட்டாள். மூன்று ஆள் உயரத்தில், பாதி வானத்தில், தங்க வெயிலில் தொங்கினாள். கீழே நாலு பேர் கத்தியோடு அசையாமல் நின்றார்கள். கம்பத்து ஃபியூஸ் மின்வாரியத்துடையது. அவர்களுடைய ஆள் பக்கத்து ஊரில் ஒரு ஞானஸ்நான விருந்தில் இருந்தான்.

"பாடுங்க!" என்று ஃபனூரிஸ் எங்களைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். பாடினோம். 'ஓ கடலே, மனிதனின் செருக்கைப் பார்' என்ற பத்தியைத் திரும்பத் திரும்பப் பாடினோம். மூன்றாவது முறை பார்வையாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். அண்ணன் வேஷக்காரன் கத்தியைக் கை மாற்றிப் பிடித்தான். தம்பி, "டேய், கத்திய எடுடா, அரிக்குது" என்று, பக்கத்து நடிகனுக்குக் கேட்காததுபோல் தனியாகச் சொல்லும் ஒதுக்குமொழி பேசினான். அது ஒதுக்குமொழிக்குரிய அளவில் இல்லை, எல்லாருக்கும் கேட்டது.

திராசோஸ் கேபினிலிருந்து குதித்து, பின்னாலிருந்த இயந்திர அறைக்குள் ஓடினான். அது ஒரு இரும்புக்கூண்டு. அதற்குள்ளிருந்து பிரேக்கைக் கையால் நெம்பி, வடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட முடியும். ஒரே சிக்கல், உள்ளே நிற்பவனுக்கு வெளியே எதுவும் தெரியாது. மேடை தெரியாது, சனம் தெரியாது, அவளும் தெரியமாட்டாள். குரல் மட்டும்தான். அதோடு, அந்தக் காலி இரும்புக்கூண்டு ஒரு பெரிய பறை மாதிரி. உள்ளே பேசுவது வெளியே பத்து மடங்காகக் கேட்கும். இது அவனுக்குத் தெரியாது. ஏனென்றால் அதற்குள் நின்று அவன் அதுவரை பேசியதே இல்லை.

"கலிரோயி!"

கல்தளமே அதிர்ந்தது. நாங்கள் பாட்டை நிறுத்தினோம். வானத்திலிருந்து வருவது போலிருந்தது.

"இங்கதான் இருக்கேன்! வேற எங்க போவேன்!" என்றாள் அவள்.

"விடறேன். சொல்லு."

"விடு... விடு... நிறுத்து! ஆடுது!"

"கால மடக்கு."

"மடக்கிட்டேன். விடு."

"போதுமா?"

"பாதிகூட வரல. நிறுத்து! என்ன கருகற வாசன?"

"பிரேக்கு. சூடு. ஆறணும்."

"எவ்ளோ நேரம்?"

"கொஞ்சம்."

டீச்சர் முன்வரிசைப் பக்கம் குனிந்தார். கண்கள் மின்னின. "எழுதுங்க, எழுதுங்க! ஒருத்தருக்கு ஒரு வரி, மத்தவருக்கு ஒரு வரி, மாத்தி மாத்தி. இதுதான் வரிக்கு வரி உரையாடல். சண்டையிலயும் இப்படித்தான் வரும், இன்னொண்ணுலயும் இப்படித்தான் வரும்."

"எதுல, டீச்சர்?"

"வாய மூடிட்டுக் கேளு!"

பிரேக் ஆறிக்கொண்டிருந்தது. மேலே கலிரோயி நீலத்துணியைச் சரிசெய்துகொண்டாள். சனத்தைப் பார்த்தாள், இரும்புக்கூண்டைப் பார்த்தாள். அவன் பேசுவதை ஊரே கேட்பது அவனுக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் குரலைத் தாழ்த்தியிருக்கலாம். தாழ்த்தவில்லை.

"திராசோஸ், பஸ் என்னிக்குன்னு தெரியுமா?"

கூண்டு பேசியது. "தெரியும்."

"தெரிஞ்சு?"

"பஸ்..." என்றது கூண்டு. அங்கேயே நின்றுவிட்டது.

"பயனிலை!" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். ரொட்டிக்கடைக்காரி அந்த ஆளின் வாயைப் பொத்தினாள்.

"சரி, அத விடு" என்றாள் கலிரோயி. "கிரேன்காரனுக்கு எதுக்குய்யா தெனமும் ஐஸு?"

"உருகறதுக்கு."

இதற்கு எங்கள் ஊரில் இன்றைக்கும் சிரிப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

"உருகறதுக்கா? இல்ல என்னப் பாக்கறதுக்கா?"

வடம் லேசாக நடுங்கியது.

"ஒனக்கு... தெரியுமா?"

"மொதல் வருஷமே தெரியும்! பூன குண்டாயிட்டு வந்துச்சே, அதக் கேட்டாலே சொல்லுமே! கட்டிய சின்னதா வெட்டினா சீக்கிரம் திரும்பி வருவியான்னு ஒரு மாசம் வெட்டிப் பாத்தேன். நீ கவனிக்கவேயில்ல. பெருசா வெட்டிக் குடுத்தேன், அதுக்கும் 'நன்றி'ன்ன. பேசுவான், பேசுவான்னு நானும் அந்த வாசல்லயே ஒறஞ்சு நின்னேன். இப்போ தம்பி கூப்பிட்டான்."

டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கையிலிருந்த நாடகப் பிரதி கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. தெரியாதவள் என்று ஊர் முழுக்க, வகுப்பு முழுக்க நினைத்திருந்தவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அது தெரியாமல் இருந்தவன் அவன் மட்டும். அவனோடு சேர்த்து நாங்கள் எல்லாரும்.

கூண்டுக்குள்ளிருந்து இரும்பில் கை உரசும் சத்தம் வந்தது. அப்புறம் குரல், இந்த முறை தெளிவாக.

"போகாத, கலிரோயி. எனக்கு ஐஸ் வேணாம். நான் அதுக்கு வரல. நீ போயிட்டா நான் காலையில எங்க போய் நிப்பேன்?"

அவன் வாழ்நாளில் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். பாடற்குழுவில் எனக்குப் பக்கத்தில் நின்ற மீன்வலைக்காரன் அழுதுகொண்டிருந்தான். நான் அழவில்லை. கண்ணில் வெயில்.

கலிரோயி தலைக்கிரீடத்தை நேராக்கினாள். கீழே கத்தியோடு நின்றவர்களைப் பார்த்தாள். அவர்களுக்கும் ஒரு தீர்ப்பு பாக்கி இருந்ததே. வலக்கையைத் தூக்கி, எங்கள் எல்லாருக்கும் தெரிந்த அந்தத் தெய்வக்குரலில், எதிர்த்தீவில் நாய்கள் குரைக்கும்படி ஆரம்பித்தாள்.

"மானிடரே, கத்தியைத் தாழ்த்துங்கள்! கப்பல் அண்ணனுக்கும் இல்லை, தம்பிக்கும் இல்லை. கப்பல் கடலுக்கு. தங்கையைச் சுக்கான்காரனுக்குக் கொடுங்கள்."

அதுவரை டாக்டர் எழுதியது. தெய்வம் கையை இறக்கவில்லை.

"இன்னும் ஒரு தீர்ப்பு உண்டு. இந்தத் தெய்வத்தைப் பத்திரமாகத் தரையில் இறக்குகிறவன் எவனோ, அவனுக்கே இந்தத் தெய்வம். பஸ் காலியாகப் போகட்டும்!"

"அது என் வரி இல்ல!" என்று தகரத்துக்குப் பின்னாலிருந்து டாக்டர் கத்தினார்.

"அதான் நல்லா இருக்கு!" என்றார் டீச்சர்.

அப்புறம் எழுந்த சத்தத்தை நான் விவரிக்கப்போவதில்லை. நாற்காலிகள் கவிழ்ந்தன, படகுகள் சங்கு ஊதின, நாலு கொலைகாரர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், ஃபனூரிஸ் பாட்டை எடுத்துக்கொடுக்க மறந்து சிலுவை போட்டுக்கொண்டே இருந்தான். ஆனால் வடம் மட்டும் அவசரப்படவில்லை. அடிக்கு அடி, நின்று நின்று வந்தது. "விடு", "நிறுத்து", "விடு". அவள் பாதம் கல்தளத்தைத் தொட்டபோது நீலத்துணியில் ஒரு மடிப்புகூடக் கலையவில்லை. திராசோஸ் கூண்டிலிருந்து வெளியே வந்து, மொத்த ஊரையும் அப்போதுதான் பார்த்தான். திரும்ப உள்ளே போகப் பார்த்தான். கலிரோயி கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

திராசோஸ் வேண்டுமென்றே ஃபியூஸைப் பிடுங்கினான் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். தவறு. ஃபியூஸ் கம்பத்தின் மேல் கருகிக் கிடந்ததை மறுநாள் வாரியத்து ஆள் இறக்கியபோது நான் கையில் வாங்கிப் பார்த்தேன். கம்ப்ரஸர் வயரும் மின்பெட்டியிலேயே செருகிக் கிடந்தது. அந்த வாரம் முழுக்க டாக்டரால் யாருக்கும் பல் அடைக்க முடியவில்லை. கேட்டவர்களிடம் "என் புயல் ஓய்வெடுக்கிறது" என்றார்.

டீச்சருக்கும் டாக்டருக்கும் வழக்கு தீரவில்லை. தெய்வம்தானே தீர்த்துவைத்தது என்றார் டாக்டர். தெய்வம் தீர்க்கவில்லை, இறங்க முடியாமல் நின்றதால்தான் கதைக்குள்ளிருந்தே முடிச்சு அவிழ்ந்தது, இயந்திரத்திலிருந்து வந்தவன் மனுஷன் என்றார் டீச்சர். அடுத்த வருஷப் பரீட்சையில் அடையாளம் அறிதலுக்கும் திருப்பத்துக்கும் உதாரணம் கேட்டபோது, எங்கள் பிள்ளைகள் எல்லாரும் ஒரே விடை எழுதினார்கள். மேற்பார்வைக்கு வந்த அதிகாரி, கலிரோயி எந்த நாடகத்தின் பாத்திரம் என்று விளக்கம் கேட்டார். வந்து ஐஸ் வாங்கிப் பாருங்கள் என்று டீச்சர் பதில் சொல்லியனுப்பினார்.

பட்டப்பெயரை மாற்றலாம் என்று சங்கத்தில் ஒரு பேச்சு வந்தது. திராசோஸ் வேண்டாம் என்று தலையாட்டினான். கல்யாணம் அக்டோபரில் நடந்தது. தம்பி தெசலோனிக்கியிலிருந்து ஒரு லாரி மீனோடு வந்து, அக்காவைத் திட்டிக்கொண்டே ஆடினான். அதற்குப் பிறகும் ஓய்வு பெறும்வரை திராசோஸ் கிரேனில்தான் இருந்தான், பேச்சும் பழையபடி பெயர்ச்சொல்தான். மீதியை அவள் முடித்துக்கொடுப்பாள்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட நினைவில் நிற்பது நாடகத்துக்கு மறுநாள் காலைதான். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் படகுக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். என் மச்சானின் படகுக்காக நானும் நின்றேன். திராசோஸ் வந்து எங்கள் பின்னால், அதே இடத்தில், அதே சாக்கோடு நின்றான். வேறெங்கே நிற்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் முறை வந்ததும், "அரைக்கட்டி" என்றான்.

கலிரோயி அவன் கையிலிருந்த சாக்கை வாங்கி உள்ளே எறிந்தாள்.

"ஒனக்கு ஐஸ் கெடையாது. காப்பி போட்டு வெச்சிருக்கேன், உள்ள வா" என்றாள். எங்களைப் பார்த்து, "நீங்கள்லாம் நீங்களே வெட்டிக்குங்க!" என்றாள்.

பட்டறைப் பூனை அன்று மத்தியானம் வாளியைச் சுற்றிச் சுற்றி வந்தது.